அவர் கிடந்த மெத்தை

ஊருக்குப் போய்த் திரும்பி வந்த வாரத்தில் எங்கள் கட்டடத்துக் குப்பையை எடுக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். நான் இருப்பது வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். நான்கு குடித்தனங்கள் உள்ள பழைய கட்டடம், எங்களுக்கு இரண்டாவது மாடி. வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கியபோது பழுப்பு நிறத் தொட்டியின் மூடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்புத் தொட்டி சமையலறைக் கழிவுக்கு. ‘பியோடோனே’ என்பார்கள். தேயிலைச் சக்கை, காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாம் அதில் போகும். உள்ளே பிளாஸ்டிக் கிடப்பதால் எடுக்க முடியவில்லை, பிரித்துப் போடவும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, கருவேப்பிலைக் காம்பும் சோறுமாக ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் உறை கிடந்தது. அதில் தமிழில் கடையின் பெயர். அந்தத் தெருவிலேயே அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யார் போட்டது என்று எவரும் விசாரிக்க வேண்டியதில்லை. வேறொரு நாளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். அன்றைக்கு மூடியைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே வீட்டுக்குப்பை ஒரு பாடத்திட்டம் மாதிரி. காகிதத்துக்கு ஒரு தொட்டி, டப்பா, உறைகளுக்கு ஒரு மஞ்சள் பை, சமையல் கழிவுக்குப் பழுப்பு, இதில் எதிலும் சேராததற்குக் கறுப்பு. கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்கும். இவை எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. நான் நர்ஸ் வேலைக்கு வந்தேன், என் கணவர் தாணு எனக்குத் துணையாக வந்தார். நான் ஆஸ்பத்திரியில் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டிய காலத்தில் அவர் வீட்டையும் குப்பையையும் ஏற்றுக்கொண்டார். பிறகு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்த பின்னும் குப்பை அவர் பொறுப்பிலேயே இருந்தது. தயிர் டப்பாவைக் கழுவி, அதன் தகர மூடியைக் கிழித்துத் தனியாக வைப்பார். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். ஏனென்றால் நாகர்கோவிலில் வடசேரியில் குடியிருந்த காலத்தில், மாநகராட்சி வண்டியைத் தவறவிட்ட நாட்களில், குப்பைப் பையை பைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போய் ஒழுகினசேரிப் பாலத்தில் வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடது கையால் பழையாற்றுக்குள் வீசிய மனிதர் அவர். ஒருமுறை இதைச் சொல்லிக் கேலி செய்தபோது, “ஏட்டி, அங்க நான் ஒருத்தன் போட்டுத்தான் ஆறு நாறிச்சாக்கும்?” என்று கேட்டுவிட்டு அடுத்த டப்பாவைக் கழுவப் போனார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டு லூட்கே அம்மாள் தொட்டிகளின் அருகில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து பல வாரங்கள் வெளியூரில் இயன்முறைச் சிகிச்சை நிலையத்தில் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சிப்ஸ் உறையை எடுத்துத் தனியாக வைத்திருந்தார். கோபமாகத் தெரியவில்லை. “உங்கள் கணவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியுமே. அவர் எங்கே? இந்தியாவிலா?” என்று கேட்டார். நான் “எர் கொம்ட் நிஷ்ட் மேர்” என்றேன். இனி வரமாட்டார் என்று அர்த்தம். லூட்கே அம்மாள் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு என் தோளைத் தொட்டார். “என்னுடையவனும் அப்படித்தான் போனான். ஒரு பெட்டி, ஒரு டாக்ஸி, அவ்வளவுதான்” என்றார். அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. திருத்த ஒரு சொல் போதும். அந்த மொழியில் அந்தச் சொல்லை ஆஸ்பத்திரியில் எத்தனையோ வீட்டாரிடம் தடுமாறாமல் சொன்னவள்தான் நான். ஆனால் அதைச் சொன்னால் அவர் எப்படி, எப்போது என்று கேட்பார், அழவும் செய்வார், நான் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று அவரைத் தேற்ற வேண்டும். “ஆமாம்” என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

நடந்தது இதுதான். இரவுப் பணி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில் எனக்கென்று தோசை மாவை எடுத்து வெளியே வைத்திருந்தார். அவர் எப்போதும் படுக்குமுன் செய்கிற காரியம். படுக்கையறையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். கிடங்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்ததால் எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். தொட்டவுடன் தெரிந்துவிட்டது. தொழில் அப்படி. தெரிந்த பிறகும் அவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சில் அழுத்தினேன். மெத்தை மிருதுவாக இருந்ததால் அழுத்தம் எல்லாம் மெத்தைக்குள் போயிற்று. தரையில் இறக்கிப் போட்டு அழுத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அவரைத் தரையில் இறக்க எனக்குத் தெம்பு இல்லை. பிறகு மருத்துவர் வந்தார், வீட்டில் நடந்த மரணம் என்பதால் போலீஸும் வந்தது, எல்லோரும் மெல்லிய குரலில் பேசினார்கள். நான் அவருடைய பிறந்த தேதியையும் அவர் சாப்பிட்ட ரத்தக்கொதிப்பு மாத்திரையின் பெயரையும் சரியாகச் சொன்னேன். அவர்கள் போனதும் தோசை மாவைத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

திருவனந்தபுரத்தில் பெட்டியை இறக்கி, ஆம்புலன்ஸில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். அவருடைய தம்பி மணி முன்னிருக்கையில் உட்கார்ந்து வழிநெடுக ஃபோனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே வந்தான். களியக்காவிளை தாண்டியதும் ரோட்டில் எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழத் தொடங்கியது. நான் திருவட்டாற்றுக்காரி. என் பேச்சில் மலையாளம் கலந்திருக்கிறதென்று தாணு கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்வார். ஒழுகினசேரியில் அவர் பிறந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் என்னைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். நான் அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். “ஏட்டி, அழுதிரு. உள்ள வெச்சிருக்கப்பிடாது” என்று ஒரு சித்தி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் திறந்தால் உடம்பு எந்த நிலையில் இருக்கும், எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்று மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் வார்டில் பேசுகிற குரலாகவே இருந்தது. ஒரு கிழவர் மரியாதையாக எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் அவர் கிடந்த பாயையும் தலையணையையும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். தாணுவுக்கு அப்படி எதுவும் இல்லை. விமானத்தில் அவர் உடம்பு மட்டும்தான் வந்தது. ஆகவே மணி கோட்டாற்றுக் கடையிலிருந்து ஒரு புதுப் பாய் வாங்கிவந்தான். அதில் கொஞ்ச நேரம் கிடத்தி, அந்தப் பாயையே கூடக் கொண்டுபோனார்கள். மாமிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. மாமி என்றால் என் மாமியார். மகன் போன பிறகு அவளும் அதிகம் அழவில்லை. எதையாவது செய்துகொண்டே இருந்தாள். பதினாறு முடிந்த மறுநாள், நான் அடுக்களையில் நிற்கும்போது வந்து பக்கத்தில் நின்றாள்.

“அவன் கெடந்த மெத்தை எங்க மக்கா?”

“அங்க வீட்டுலதான் கெடக்கு மாமி.”

“இன்னுமா? ஆரும் எடுத்துப் போடல்லியா?”

“ஆரு இருக்கா, போடதுக்கு?”

“அப்பம் நீ போயி எரிச்சிரு.”

“அங்க தீ வைக்க விடமாட்டாவ மாமி. போலீஸ் வரும்.”

மாமி யோசித்தாள். அவளுக்கு அந்த ஊரைப் பற்றிப் பனியும் ரயிலும் மட்டும்தான் தெரியும். “ஆத்துல போடலாமா?” என்று கேட்டாள். அதற்கும் முடியாது என்றேன். “பின்ன எப்பிடித்தான் ஒழிப்பாவ?” என்றாள். பெரிய சாமான்களைத் தூக்கிப் போட ஒரு முறை இருக்கிறது, சொல்லி வைத்தால் லாரி வந்து நசுக்கி எடுத்துக்கொண்டு போகும் என்று சொன்னேன். நசுக்கும் என்றதும் மாமிக்குக் கொஞ்சம் சமாதானமானது போல் இருந்தது. “செரி, நசுக்கட்டு. ஆனா வேற ஒருத்தரும் அதுல கெடக்கப்பிடாது, கேட்டியா? அவன் அதுலயே சுத்திக்கிட்டு கெடப்பான். ஒனக்க கையால போடு. போட்டுட்டு எனக்கு சொல்லு” என்றாள். நான் சொல்லுகிறேன் என்றேன். இதெல்லாம் நான் நம்புகிற காரியம் இல்லை. ஆனால் அந்தச் சாவு வீட்டில் ஒருவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் எனக்கு எதையாவது கொடுக்கப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபின் நான் படுக்கையறைக்குள் உடுப்பு எடுக்க மட்டும் போனேன். படுப்பது ஹாலில் சோபாவில். இந்த நாட்டில் நாங்கள் முதலில் வாங்கிய சாமான் அந்த மெத்தை. கட்டில் வாங்குவதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க அதைத் தரையில் போட்டுப் படுத்திருந்தோம். தாணு படுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தது. நான் இரவுப் பணிக்குப் போகும் நாட்களிலும் அவர் தன் பக்கத்தை விட்டு நகர்ந்து படுக்க மாட்டார் என்பது அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் தெரியும். வாசலில் நின்று அதைப் பார்ப்பேன். துக்கம் வருகிறதா என்று உள்ளுக்குள் தேடிப் பார்ப்பேன். பல் டாக்டர் மரக்க ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு டீ போடப் போவேன்.

பெரிய சாமான்களை ஒழிக்கிற ஏற்பாட்டுக்கு இங்கே ‘ஷ்பேர்மியூல்’ என்று பெயர். அதற்கு எப்படி நாள் வாங்குவது என்று லூட்கே அம்மாளிடம்தான் கேட்டேன். என்ன சாமான் என்றார். மெத்தையும் கட்டிலும் என்றதும் அவர் முகம் பளிச்சென்று ஆயிற்று. “ரிஷ்டிஷ் ஸோ!” என்றார். சரியான காரியம் என்று அர்த்தம். “அவன் படுத்த மெத்தையில் நீ எதற்குப் படுக்க வேண்டும்? நானும் முதலில் அதைத்தான் தூக்கிப் போட்டேன்.” அவரே தொலைபேசியில் கூப்பிட்டு எனக்காக நாள் வாங்கிக் கொடுத்தார். மாமியும் இவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்திக்கு என் கணவர் அந்த மெத்தையை விட்டுப் போகாதவர், இன்னொருத்திக்கு என்னை விட்டு ஓடிப்போனவர். எது என்றாலும் மெத்தை போக வேண்டும். நான் நன்றி சொன்னேன்.

குறித்த நாள் விடிந்ததும் எழுந்து கட்டிலைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோனேன். ஆட்டம் கண்டுவிட்ட ஒரு நாற்காலியையும் சேர்த்து வைத்தேன். மெத்தை மட்டும் படியில் திரும்பவில்லை. சத்தம் கேட்டு லூட்கே அம்மாள் வெளியே வந்தார். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ஒரு மூலையைப் பிடித்து வழிகாட்டினார். தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, விழாமல் இருக்க ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். லாரி இன்னும் வரவில்லை. ஷ்பேர்மியூல் நாளில் லாரிக்கு முன்னால் ஆட்கள் வருவார்கள். வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. தாணுவும் ஒருமுறை இப்படி ஒரு புத்தக அலமாரியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பக்கமாக யோசிக்கவே இல்லை.

ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் தள்ளுவண்டியோடு வந்தார்கள். எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவன் பலகைகளைத் தாண்டி நேராக மெத்தையிடம் வந்தான். உள்ளங்கையால் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தான். “குட்?” என்று கேட்டான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவனுக்கு அது புரியவில்லை. நம் தலையாட்டல் இங்கே பலருக்கும் புரிவதில்லை. “கபுட்?” என்றான், கிழிசல் ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்வது போல நிறுத்தி, தெளிவாக, ஜெர்மன் மொழியில் சொன்னேன். “இது வேண்டாம். என் கணவர் இதில் படுத்திருக்கும்போது இறந்துபோனார்.”

மெத்தையின் எடை சட்டென்று என் பக்கம் சாய்ந்தது. மறுபக்கத்தில் லூட்கே அம்மாள் கையை எடுத்துவிட்டிருந்தார்.

அந்த இளைஞன் நான் சொன்னதில் ‘மைன் மன்’, என் கணவர், என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான். “யா, யா. மைன் ஃபிராவ்” என்று சொல்லித் தன் மனைவியைக் காட்டினான். பிறகு தரையைக் காட்டி, கன்னத்தில் கையை வைத்துச் சாய்த்து, “ஷ்லாஃபன் போடன்” என்றான். தரையில் படுக்கிறாள். அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கோட்டுப் பொத்தான் வயிற்றுக்கு மேல் பூட்டாமல் திறந்திருந்தது. ஆண் செருப்பு போட்டிருந்தாள், தன் செருப்புக்குள் கால் நுழையாததால் இருக்கலாம். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அவள் பக்கத்தில் வந்து, மூக்கை மெத்தையில் வைத்து முகர்ந்து பார்த்தாள். தாணுவின் பக்கத்தில்தான் முகர்ந்தாள். பிறகு அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மாமியின் சொல் எனக்கு மறக்கவில்லை. அது காதில் அப்படியே இருந்தது. “நேமன் ஸீ” என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வண்டியை அருகில் கொண்டுவந்தான். நானும் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொடுத்தேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. தெருமுனை திரும்பும்வரை மெத்தை வண்டியின் இருபக்கமும் ஆடிக்கொண்டே போயிற்று.

லூட்கே அம்மாள் நான் தூக்கிப் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். சொல்ல வரவில்லை என்றேன். “நான் என்னவெல்லாம் பேசிவிட்டேன்” என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முழங்கால் மோசமாக இருந்த குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டுக் குப்பையையும் தாணுதான் கொண்டுபோய்ப் போட்டார் என்றார். இவர் கதவுக்கு வெளியே பைகளை வைப்பாராம், காலையில் அவை இருக்காதாம். தயிர் டப்பாவின் தகர மூடியைத் தனியாகக் கிழிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தானாம். எனக்கு இது எதுவும் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது, மோதிரம் உறுத்தியது. அவர் அழுது முடிக்கும்வரை கையை அப்படியே விட்டிருந்தேன்.

மாடிக்கு வந்து மாமிக்கு வீடியோ அழைப்பு போட்டேன். அங்கே உச்சி நெருங்கியிருக்கும். மாமிக்கு ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே சுற்றுகிற ஃபேன்தான்.

“போட்டியா மக்கா?”

“போட்டாச்சு மாமி.”

“நசுக்கிட்டாவளா?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். “இல்ல மாமி” என்றேன். “ஒரு பிள்ளைத்தாச்சி வந்தா. வெறுந்தரையில கெடக்காளாம். நான் விசயத்தச் சொன்னேன். அதுகளுக்கு பாஷ தெரியல்ல. எடுத்துட்டு போட்டும்னு விட்டுட்டேன்.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“எத்தன மாசம்?” என்று மாமி கேட்டாள்.

“ஏழு இருக்கும். காலு நல்லா வீங்கியிருக்கு.”

“அந்தக் குளுருல தரையில கெடக்காளா?” ஃபேன் ஆடி, மாமியின் நெற்றி ஒரு கணம் தெரிந்து மறைந்தது. “செரி. கெடக்கட்டும். அவனும் பாத்துக்கிட்டு கெடப்பான்” என்றாள். எங்கோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. “நீ எதுல கெடக்க?”

“சோபாவுல.”

“வந்திருயேன் மக்கா. இஞ்ச கட்டிலு சும்மாதான கெடக்கு.”

லீவு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் இரவுப் பணி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஃபோனில் விசில் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒலிபெருக்கியில் மாநகராட்சிக் குப்பை வண்டியின் அறிவிப்பு, மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று. “நில்லுவ, இன்னா வாறேன்” என்று மாமி வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போவது கேட்டது. வடசேரி வீட்டில் அந்த விசில் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் ஓட வேண்டும், வண்டி நிற்காது. நான் மேசையில் ஃபோனை வைத்தேன், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்த குப்பை வாளியை எடுத்தேன், கதவைத் திறந்து போட்டபடி படிகளில் வேகமாக இறங்கினேன்.

முதல் மாடித் திருப்பத்தில்தான் கால் நின்றது. செருப்புகூடப் போடவில்லை. மேலே திறந்துகிடந்த கதவு வழியாக ஒழுகினசேரித் தெருவின் சத்தம் வந்துகொண்டிருந்தது. மாமி குப்பை வண்டிப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் லாரி வந்து நின்று எங்கள் கட்டிலை நசுக்கத் தொடங்கியிருந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன்.